அடுப்புக்கு முன்னால் குழாயை வாங்குங்கள்

வீடும் பட்டறையும்: வாசகர் கேள்வி – பதில்

மற்ற மாதங்களில் எனக்கு வரும் கடிதங்களில் ஒழுகும் கூரையும் அடைத்துக்கொண்ட சாக்கடையும்தான் நிறைந்திருக்கும். டிசம்பர் பிறந்தால் பெங்களூரு வாசகர்களுக்கு நெருப்பு ஞாபகம் வந்துவிடுகிறது. கோலார் தங்கவயலில் ஃபிட்டர் வேலை பழகி, அப்புறம் லிங்கராஜபுரத்தில் ஹோட்டல் சமையலறைகளுக்கு டக்ட்டும் சிமினியும் செய்யும் பட்டறை நடத்தியவன் நான். புகை சமாச்சாரம் என்றால் எனக்கும் பேச ஆசைதான். இந்த இதழ் முழுக்க விறகு.

கேள்வி: ஹொரமாவில் ரோ ஹவுஸ் வாங்கியிருக்கிறோம். என் கணவர் சில வருடம் கனடாவில் வேலை பார்த்தவர். ஹாலில் கண்ணாடிக் கதவு வைத்த வார்ப்பிரும்பு விறகு அடுப்பு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, 12 கிலோவாட் அடுப்பு ஒன்றை வாங்கியும் விட்டார். கான்ட்ராக்டர், "சுவரில் ஓட்டை போட்டு 4 இன்ச் ஏசி பைப்பும் ஒரு எல்போவும் கொடுத்தால் வேலை முடிந்தது மேடம்" என்கிறார். டிவி சுவரை ஒட்டி அடுப்புக்கு இடம் விட்டிருக்கிறோம். மாடியில் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, சோலார் எல்லாம் இருக்கிறது. சின்னக் குழந்தை இருக்கும் வீடு. பயமில்லாமல் பொருத்த வழி சொல்லுங்கள் ஐயா.
– ஒரு வாசகி, ஹொரமாவு

பதில்: அம்மா, அடுப்பு வந்துவிட்டது, இருக்கட்டும். அந்த 4 இன்ச் ஏசி பைப்பை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள். அது ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாய். கிராமத்து அடுப்படிகளில் கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்குமே, அதே சரக்கு. மூடிய இரும்பு அடுப்பின் வாயிலிருந்து வரும் சூடு வேறு ரகம். அந்தச் சூட்டில் சிமென்ட் குழாய் விரிசல் விடும், சில சமயம் பட்டென்று வெடித்துச் சிதறும். சிதறுவது ஆஸ்பெஸ்டாஸ் தூள். சரி, ஜிஐ தகட்டில் குழாய் செய்துகொள்ளலாமா என்று அடுத்த யோசனை வரும். அதுவும் ஆகாது. சுமார் 200 டிகிரிக்கு மேல் தொடர்ந்து காய்ந்தால் அதன் துத்தநாகப் பூச்சு உரிய ஆரம்பித்துவிடும். பிவிசி பற்றிக் கேட்டும் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்குத் தனியாகப் பதில் எழுதுவதாக இல்லை.

குழாயின் அளவு உங்கள் அடுப்பின் புகை வாய் எவ்வளவோ அவ்வளவு. பெரும்பாலும் 6 இன்ச் இருக்கும், டேப் வைத்துப் பாருங்கள். 6 இன்ச் வாயில் 4 இன்ச் குழாயை மாட்டினால் புகை போகும் பரப்பு பாதிக்கும் கீழே போய்விடும். மிச்சப் புகை எங்கே போகும்? கதவைத் திறந்ததும் உங்கள் முகத்துக்குத்தான். அறைக்குள் தெரிகிற பகுதிக்கு 2 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டுக் குழாய் போதும். சுவருக்குள்ளோ கூரைக்குள்ளோ நுழையும் இடத்திலிருந்து மேலே தொப்பி வரைக்கும், நடுவில் ராக்வூல் அல்லது செராமிக் பஞ்சு அடைத்த இரட்டைத் தகட்டு எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) குழாய் வேண்டும். 304 கிரேடு என்று பில்லில் எழுதி வாங்குங்கள். கடைக்காரர் காந்தத்தை வைத்து, "ஒட்டவில்லை பாருங்கள், நல்ல ஸ்டீல்" என்பார். மலிவான 202-இலும் காந்தம் ஒட்டாது.

குழாய் மாட்ட வருபவரிடம் நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. புகை மேலேதானே போகிறது என்று கீழ்க் குழாயை மேல் குழாய்க்குள் சொருகிவிடுவார்கள். இருக்க வேண்டியது தலைகீழ். மேல் குழாயின் நுனி கீழ்க் குழாயின் உள்ளே இறங்க வேண்டும். விறகுப் புகையில் இருக்கும் தார், குழாய் குளிர்ந்தால் உட்புறத்தில் வேர்த்து வழியும். ஜாயின்ட் சரியாக இருந்தால் அது உள்ளேயே இறங்கி அடுப்பில் விழுந்து எரிந்துவிடும். தப்பாக இருந்தால் குழாய்க்கு வெளியே கறுப்புக் கோடாக ஒழுகி, வெள்ளைச் சுவரில் காய்ந்துபோன கஷாயக் கறை மாதிரி நிற்கும். எந்தப் பெயின்டாலும் மறைக்க முடியாது. ஒவ்வொரு ஜாயின்டுக்கும் மூன்று ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள்.

அடுத்து, வழி. எல்போ வைத்துச் சுவரைத் தாண்டியதும் விட்டுவிடுவது சிமினி ஆகாது. காற்று எதிர்ப்பக்கம் வீசினால் புகை திரும்ப ஹாலுக்கே வரும். அடுப்பின் தலையிலிருந்து தொப்பி வரை மொத்தம் 15 அடியாவது உயரம் வேண்டும், கூடிய மட்டும் நேராக. உங்களுக்குக் கீழ்த்தளத்தில் ஹால், மேலே படுக்கையறை என்றால் வெளிச்சுவர் வழியாக எடுத்துப்போவதுதான் சுலபம். அந்த இடத்தில் எல்போ போடாமல், மூன்று வாய் உள்ள 'T' வடிவ இணைப்பைப் போட்டு, கீழ் வாயில் கழற்றக்கூடிய மூடி வையுங்கள். வருடா வருடம் கரி தட்டி எடுக்க அந்த மூடிதான் வழி. படுக்கையாக வரும் துண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. அதுவும் அடிக்குக் கால் இன்ச்சாவது மேல்நோக்கி ஏற வேண்டும். வெளிச் சுவரில் மரமோ பேனலோ இருந்தால் இரட்டைத் தகட்டுக் குழாய்க்கும் அதற்கும் 2 இன்ச் இடைவெளி. கூரையைத் துளைப்பதாக இருந்தால் கோர் கட்டிங் மெஷின் வைத்து, பீம் இல்லாத இடத்தில், இன்ஜினீயர் குறித்துக்கொடுத்த பிறகு. சுத்தியலால் உடைத்தால் அடுத்த மழையில் ஒழுகும், அந்தக் கடிதமும் எனக்கே வரும்.

மொட்டை மாடியில் ஒரு கணக்கு இருக்கிறது. குழாய் கூரையைத் தாண்டும் இடத்திலிருந்து 3 அடிக்குக் குறையாமல் உயர வேண்டும். 10 அடிச் சுற்றளவில் எது இருந்தாலும் அதைவிட 2 அடி உயரமாகவும் இருக்க வேண்டும். உங்கள் பிளாஸ்டிக் தொட்டி அந்த 10 அடிக்குள் வந்தால் தொட்டிக்கு மேல் 2 அடி. மாடிப்படி அறைக்கும் அதே கணக்கு. தொட்டியை நகர்த்த முடிந்தால் நகர்த்திவிடுங்கள். சோலார் கண்ணாடியில் கரி படிந்தால் வெந்நீர் குறையும், குழாயை அதற்கு எதிர்மூலைக்குக் கொண்டுபோங்கள். தொப்பிக்குக் கீழே எஸ்எஸ் வலை கட்டாயம். பொறி வெளியே பறந்து துணிக்கொடியில் விழாது, புறா உள்ளே கூடு கட்டாது.

டிவி சுவர்தான் எனக்குக் கவலை. இன்டீரியர்காரர்கள் பிளைவுட் அடித்து அதன்மேல் கல் டைல் ஒட்டிவிட்டு, "கல்தானே சார், எரியாது" என்பார்கள். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். தொம் தொம் என்று வெற்றுச் சத்தம் வந்தால் பின்னால் மரம் இருக்கிறது. கல் சூட்டைத் தடுக்காது, வாங்கிப் பின்னால் கொடுக்கும். மரம் பற்றிக்கொள்ளச் சுடர் படவேண்டும் என்பதும் இல்லை. வருடக்கணக்கில் மிதமான சூடு பட்டுக்கொண்டே இருந்தால் உள்ளுக்குள் கரியாகி, பிறகு முன்னைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றிவிடும். அடுப்போடு வந்த புத்தகத்தில் எந்தப் பக்கம் எவ்வளவு இடைவெளி என்று போட்டிருக்கும், அதில் ஒரு இன்ச்கூடக் குறைக்காதீர்கள். புத்தகமே இல்லாத அடுப்புக்கு, அமெரிக்காவின் தீப்பாதுகாப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ.வின் 211 விதி எரியக்கூடிய எதிலிருந்தும் 36 இன்ச் விடச் சொல்கிறது. ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கு 18 இன்ச். சுவருக்கு முன்னால் 1 இன்ச் காற்று இடைவெளி விட்டு உலோகத் தடுப்பு வைத்தால் அந்த 36-ஐ 12 வரை குறைக்கலாம். ஆனால் தடுப்புக்குப் பின்னால் காற்று கீழே நுழைந்து மேலே வெளியேற வேண்டும். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று மேலும் கீழும் பட்டி அடித்து மூடிவிட்டால் வைத்ததே வீண். தரை கான்கிரீட்டும் டைலும் என்றால் கவலையில்லை. லேமினேட் மரத்தரை என்றால் அடுப்பு நிற்கும் இடத்தில் அதை எடுத்துவிட்டு, கதவுக்கு முன்னால் 18 இன்ச் நீளும்படி கருங்கல் பலகை போடுங்கள். திரைச்சீலை, சோஃபா, ஃபால்ஸ் சீலிங் எல்லாம் இந்தக் கணக்குக்குள் வரும். குழந்தைக்கு, அடுப்பைச் சுற்றிச் சுவரில் மாட்டும் இரும்பு வலைத் தடுப்பு. கண்ணாடிக் கதவு அணைந்த பிறகும் வெகுநேரம் சுடும்.

இப்போது உங்கள் கணவரிடம் சொல்ல வேண்டியது. 12 கிலோவாட் நம் ஊருக்கு எதற்கு? பெங்களூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.8 டிகிரிதான், அதுவும் 1884 ஜனவரியில். சாதாரண டிசம்பர் இரவு 15, 16 டிகிரி. நடுத்தர ஹாலுக்கு 4, 5 கிலோவாட் அடுப்பே ஸ்வெட்டரைக் கழற்ற வைக்கும். பெரிய அடுப்பு வாங்கியவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? வேர்க்கிறது என்று காற்றுக் கதவை மூடி, விறகைப் புகைய விட்டுவிடுகிறார்கள். புகைந்தால் குழாய் சூடாகாது. குழாயின் உட்புறம் 120 டிகிரிக்குக் கீழே போனால் தார் படிய ஆரம்பிக்கும். அது கெட்டியாகிப் பளபளவென்று கறுப்பு வார்னிஷ் மாதிரி ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒருநாள் யாராவது நன்றாக எரிய விட்டால் அந்தத் தார் குழாய்க்குள்ளேயே பற்றும். 1,100 டிகிரி வரை போகும் நெருப்பு அது, ரயில் ஓடுகிற மாதிரி சத்தம் கேட்கும். கேட்டால் அடுப்பின் காற்றுக் கதவுகளை எல்லாம் மூடிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து 112-க்குப் போன் செய்யுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், வார்ப்பிரும்பு பிளந்துவிடும். இது நடக்காமலிருக்க வழி, அடுப்பைச் சின்னதாக மாற்றிக்கொள்வது. கடைக்காரர் மாற்றித் தரமாட்டார் என்றால், கொஞ்சம் விறகு வைத்து, காற்றை நன்றாகத் திறந்து, சுறுசுறுப்பாக எரித்து முடித்துவிடுங்கள். ராத்திரி முழுக்க அணையாமல் இருக்கட்டும் என்று அடைத்து வைக்கும் பழக்கம் கனடாவோடு போகட்டும்.

கடைசியாகக் காற்று. ஹாலும் சமையலறையும் ஒன்றாகத் திறந்திருக்கும் வீடுகளில், சமையலறைச் சிமினியை ஓடவிட்டால் அது மணிக்கு ஆயிரம் கன மீட்டர் காற்றைக்கூட இழுக்கும். ஜன்னல் மூடியிருந்தால் அந்தக் காற்று உங்கள் விறகு அடுப்பின் குழாய் வழியாக, புகையோடு, கீழே இறங்கி வரும். அடுப்பை மூட்டும் முன் சிமினியை ஓடவிட்டு, திறந்த அடுப்புக் கதவருகே ஊதுபத்தி ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். புகை உள்ளே போனால் சரி. உங்கள் பக்கம் வந்தால், அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் 4 இன்ச் காற்றுத் துளை ஒன்று வலையோடு வேண்டும். துளை போட்டாலும், அடுப்பு எரியும்போது சமையலறைச் சிமினியை நிறுத்தி வைப்பது நல்லது. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் வாங்கி மாட்டுங்கள். இங்கிலாந்தில் 2010 முதல், புதிதாக விறகு அடுப்பு வைத்தால் அலாரமும் வைத்தாக வேண்டும் என்று கட்டட விதியே இருக்கிறது. புகை அலாரம் வேறு, இது வேறு, பெட்டியில் படித்து வாங்குங்கள்.

முதல் இரண்டு மூன்று தடவை சின்ன நெருப்பாகப் போடுங்கள். பெயின்ட் வெந்து ஒரு நாற்றம் வரும், ஜன்னலைத் திறந்து வைத்தால் போய்விடும்.

கேள்வி: குக் டவுனில் தாத்தா காலத்து பங்களா எங்களுடையது. ஹாலில் செங்கல் கணப்பு இருக்கிறது, நான் பிறந்த பிறகு யாரும் மூட்டியதில்லை. இந்தப் புத்தாண்டுக்கு மூட்டிப் பார்க்கலாமா?
– ஒரு வாசகர், குக் டவுன்

பதில்: மூட்டலாம், ஆனால் முதலில் மாடிக்கு ஏறுங்கள். கன்டோன்மென்ட் பக்கத்துப் பழைய பங்களாக்களில் எத்தனையோ சிமினிகளைப் பார்த்திருக்கிறேன். மழை இறங்குகிறது என்று மேலே கடப்பாக் கல் வைத்துச் சிமென்ட் பூசியிருப்பார்கள். கேபிள்காரர் ஒயரை அதற்குள் இறக்கியிருப்பார். அப்படி எதுவும் இல்லாவிட்டால் புறாக்கூடு நிச்சயம். கூட்டையும் ஒயரையும் எடுத்துவிட்டு, மேலே இருந்து கயிற்றில் பல்பு ஒன்றை இறக்கிப் பாருங்கள். சுண்ணாம்புக் காரை உதிர்ந்து செங்கல்லுக்கு இடையில் பிளவு தெரியும்.

அப்புறம் ஒரு சோதனை. கணப்பில் ஈரமான செய்தித்தாளைப் புகைய விட்டு, மேலே வாயை ஈரச் சாக்கால் ஒரு நிமிடம் மூடச் சொல்லுங்கள். நீங்கள் வீடு முழுக்க நடங்கள். பக்கத்து அறை அலமாரிக்குப் பின்னாலிருந்தோ மாடி அறை வென்டிலேட்டரிலிருந்தோ புகை எட்டிப் பார்த்தால், புத்தாண்டு நெருப்பை மறந்துவிடுங்கள். உங்கள் வீட்டில் மங்களூர் ஓட்டுக் கூரை என்றால் மர விட்டமும் ரீப்பரும் அந்தச் சிமினியை ஒட்டியே போகும், ஒரு பிளவு போதும். இதற்கு மருந்து, உள்ளே மேலிருந்து கீழ் வரை எஸ்எஸ் லைனர் குழாய் இறக்கி, கணப்புக்குள் சின்ன மூடிய அடுப்பு வைப்பது. அழகு கொஞ்சம் குறையும். ஆனால் திறந்த கணப்பு அறையின் சூடான காற்றையே மேலே இழுத்துக்கொண்டு போய்விடும், முன்னால் சுடும், முதுகு குளிரும். மூடிய அடுப்பில் அந்த வம்பு இல்லை.

கேள்வி: அப்பா கே.ஆர்.புரம் பக்கம் கட்டுமான இடத்தில் இரவு வாட்ச்மேன். தகரக் கொட்டகையில் சிமென்ட் சட்டியில் கரி போட்டுக்கொண்டு தூங்குகிறார். விறகு என்றால் புகை வரும், கரியில் புகையே இல்லை, பயமில்லை என்கிறார். சரியா?
– கல்லூரி மாணவர், ராமமூர்த்தி நகர்

பதில்: தம்பி, இன்றைக்கே போய் அந்தச் சட்டியை வெளியே எடுத்து வையுங்கள். புகை இல்லாததுதான் ஆபத்து. விறகு கண்ணைக் கரித்து ஆளை எழுப்பிவிடும். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில், அதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இது போய் ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, அப்புறம் குமட்டல், கை கால் அசதி. தூங்குகிற ஆளுக்கு அதுவும் தெரியாது. தங்கவயலில் சுரங்கத்துக்குள் வெடி வைத்தால், அந்தக் காற்று வெளியேறும் வரை யாரையும் அந்தப் பக்கம் விடமாட்டார்கள். அவசரப்படுகிறவனுக்கு மேஸ்திரி வாயால் விழும் வசவு இன்னும் என் காதில் இருக்கிறது. கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்று அப்பா சொல்வார், குளிர ஆரம்பித்ததும் அவரே மூடிவிடுவார். நல்ல கம்பளி, காதுக் குல்லா, தரையில் படுக்காமல் இருக்க ஒரு கட்டில், இதைக் கட்டடக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். கணக்குப் பார்த்தால் அவருக்குப் பெரிய செலவில்லை. காலையில் அப்பாவுக்குத் தலைவலி என்றால் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு இருக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் "கரிப்புகை" என்று சொல்லுங்கள்.

பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் வைத்திருக்கும் வாசகர்களுக்கும் இதே பதில். அதே வாயுதான், கீசரைப் பாத்ரூமுக்கு வெளியே மாற்றுங்கள்.

கேள்வி: ஸ்ரீராமபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் அம்மாவின் செம்பு பாய்லர் இருக்கிறது, விறகில் எரிவது. குழாய் கொடுத்துக் கீழே பாத்ரூமுக்கு வெந்நீர் இறக்கலாமா?
– ஒரு வாசகி, ஸ்ரீராமபுரம்

பதில்: பாய்லரின் மேல் மூடி தூக்கக்கூடியதாக இருக்கும்வரை அது சாதுப் பாத்திரம். குழாய் கொடுக்கிற பிளம்பர், அழுத்தம் வேண்டும் என்று மூடியை வைத்து வெல்டு அடித்துவிடுவார். அப்போது அது வெடிகுண்டு. தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். எனவே மேலிருந்து திறந்த வாய்க் குழாய் ஒன்று, தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தையும் தாண்டி, வால்வு எதுவும் இல்லாமல் நிற்க வேண்டும். வெந்நீர் இறங்கும் குழாய் செம்பாக இருக்கட்டும். காலிப் பாய்லரின் கீழே தீ மூட்டினால் ஈயப் பற்று உருகிவிடும், அம்மாவுக்கு அது தெரிந்திருக்கும், வீட்டுக்கு வரும் மருமகள்களுக்குச் சொல்லி வையுங்கள். பக்கத்து வீட்டு ஜன்னலுக்குப் புகை போகிறது என்றால் நடுக்குழாயை இன்னும் 4 அடி நீட்டுங்கள்.

கேள்வி: பேக்கிங் பெட்டி மரம் சும்மாவே கிடைக்கிறது. எரிக்கலாமா?
– ஒரு வாசகர், பீன்யா

பதில்: பெட்டியில் முத்திரை பார்த்தீர்களா? எச்.டி. (HT) என்று குத்தியிருந்தால் சூட்டில் பதம் செய்த மரம், பெயின்டும் எண்ணெய்க் கறையும் இல்லாவிட்டால் பற்றவைக்க உதவும். எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு மருந்து அடித்தது, தொடாதீர்கள். பிளைவுட், எம்டிஎஃப், பழைய ஜன்னல் சட்டம் எதுவும் வேண்டாம். விறகு தொட்டியில் சவுக்கோ சில்வர் ஓக்கோ வாங்கி, பிளந்து, மழை படாமல் காற்றோட்டமாக அடுக்கி ஆறு மாதமாவது வையுங்கள். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். மீட்டர் இல்லாவிட்டால் இரண்டு துண்டை மோதிப் பாருங்கள். காய்ந்தது டங்கென்று சொல்லும், ஈரம் தொப்பென்று விழும்.

கேள்வி: 12-வது மாடி அபார்ட்மென்ட் பால்கனியில் சின்ன விறகு அடுப்பு?
– ஒரு வாசகர், ஒயிட்ஃபீல்டு

பதில்: கூடாது. மேல் வீட்டுக்காரர் ஜன்னல்தான் உங்கள் சிமினி ஆகும்.

கேள்வி: விறகுச் சாம்பலைக் கறிவேப்பிலைச் செடிக்குப் போடலாமா?
– ஒரு வாசகி, விவேக் நகர்

பதில்: போடலாம், ஆறிய பிறகு. சாம்பலுக்குள் தணல் மூன்று நாள்கூட உயிரோடு கிடக்கும். பிளாஸ்டிக் பக்கெட்டிலோ குப்பைப் பையிலோ கொட்டாதீர்கள், மூடியுள்ள தகர டின்னில் போட்டு வெறும் தரையில், வீட்டுக்கு வெளியே வையுங்கள். சாம்பல் காரத்தன்மை உள்ளது, எனவே ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம், வேரிலிருந்து தள்ளித் தூவித் தண்ணீர் விடுங்கள். பிளைவுட் எரித்த சாம்பல் என்றால் செடிக்கும் வேண்டாம், பாத்திரம் தேய்க்கவும் வேண்டாம்.